காதர்பேட்டைச் சந்தும் எட்டு டி-ஷர்ட் கணக்கும்

திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டையில் டி-ஷர்ட் வாங்கி வந்தவர்கள் அதன் விலையைத்தான் முதலில் சொல்வார்கள். பாலக்காட்டுக் கடை ஒன்றில் ஒரு டி-ஷர்ட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் அங்கே மூன்றோ நான்கோ கிடைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் தனக்கு எத்தனை வேண்டும் என்று முடிவு செய்யாமல் அந்தச் சந்துகளுக்குள் நுழைகிற ஆணுக்கு, அந்த மலிவே வீண் செலவாக முடிகிறது. ஆகவே இந்த மதிப்புரையில் முதலில் எண்ணிக்கையைத் தீர்த்துக்கொண்டு, அதன் பிறகு சந்தைக்குப் போகலாம் என்று நினைக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வாழ்கிற தமிழர்களையும், பாலக்காட்டு நகரத்துக்குள் இருப்பவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பாலக்காடு சந்திப்பில் ரயிலேறி வாளையாரைத் தாண்டிக் கோயம்புத்தூர் வழியாகப் போனால், ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் திருப்பூர் வந்துவிடும். இறங்கிய பிறகு காதர்பேட்டைக்கு நடந்தே போகலாம். இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பங்குள்ள ஊர் இவ்வளவு அருகில் இருக்கும்போது, நம் பகுதி ஆண்களின் அலமாரியில் டி-ஷர்ட் குறைவாக இருப்பதாக யாரும் குறைபட்டு நான் கேட்டதில்லை. அளவுக்கு மீறி இருப்பதுதான் எல்லா வீட்டிலும் காணும் நிலை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுவலகத்துக்குச் சட்டை போட்டுப் போய், மாலையிலும் விடுமுறை நாளிலும் டி-ஷர்ட் போடுகிற ஓர் ஆணுக்கு, வெளியே போடத் தகுந்த நிலையில் எட்டு டி-ஷர்ட் போதும். இது அழகுணர்ச்சியால் வந்த எண் அல்ல. துவைக்கும் இடைவெளியிலிருந்தும் துணி காயும் நேரத்திலிருந்தும் வந்தது. வாரத்துக்கு இருமுறை துணி துவைக்கும் வீட்டில், ஒரு துவைப்புக்கும் அடுத்த துவைப்புக்கும் இடையே அதிகம் போனால் நான்கு நாள் இருக்கும். நாளுக்கு ஒன்று என்றால் நான்கு. துவைத்தவை காய்ந்து மடித்து அலமாரிக்குத் திரும்பும் வரையில் போட்டுக்கொள்ள, மழைக்காலத்தைக் கணக்கில் கொண்டால், இன்னும் இரண்டு. திடீரென்று கோயம்புத்தூர் போக நேர்ந்தாலோ விருந்தாளிகள் வந்தாலோ எடுத்துப் போட, அன்றாடப் புழக்கத்தில் சேர்க்காமல் தனியாக வைத்திருக்க வேண்டியவை இரண்டு. கூட்டினால் எட்டு வருகிறது.

இந்தக் கணக்கில் நடுவில் இருக்கும் அந்த இரண்டைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடப்பதால், நம் பகுதியின் காற்றும் வெயிலும் கேரளத்தின் மற்றப் பகுதிகளைப் போன்றவை அல்ல. மார்ச், ஏப்ரலில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொடும் நாட்களில், காலையில் கொடியில் போட்ட டி-ஷர்ட் மதியச் சாப்பாட்டுக்குள் காய்ந்து மொடமொடவென்று இருக்கும். மார்கழியிலும் தையிலும் கிழக்கிலிருந்து கணவாய் வழியாக அடிக்கும் வறண்ட காற்றில், வெயிலே இல்லாவிட்டாலும் துணி காயும். கவ்வி மாட்டாவிட்டால் அடுத்த வீட்டுத் தென்னந்தோப்பில் போய்த்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஜூன் தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். பாலக்காடு, ஒலவக்கோடு பக்கம் ஒரு பருத்தி டி-ஷர்ட் முழுமையாகக் காய இரண்டு நாள் ஆவது வழக்கமானதே. அரைகுறையாகக் காய்ந்ததை எடுத்துப் போட்டால், உடம்புச் சூடு பட்ட சிறிது நேரத்தில் புளித்த வாடை கிளம்பும். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி போன்ற ஊர்கள் மழைநிழலில் இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. அவ்வூர்க்காரர்கள் இரண்டுக்குப் பதிலாக ஒன்றைச் சேர்த்து ஏழோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மற்றவர்கள் தங்கள் வழக்கத்துக்கு ஏற்ப இதே கணக்கை மாற்றிக்கொள்ளலாம். அன்றன்றைய துணியை அன்றன்றே துவைத்துவிடுகிற வீடு என்றால் ஒன்றும் இரண்டும் இரண்டுமாக ஐந்து போதும். கஞ்சிக்கோட்டில் விடுதியில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் துவைக்கிற மாணவனுக்கு ஏழும் இரண்டும் இரண்டுமாகப் பதினொன்று. வீட்டிலிருந்தபடியே கணினி வேலை செய்கிறவர் நாள் முழுவதும் டி-ஷர்ட்டில் இருப்பார், கோடையில் மதியம் ஒருமுறை மாற்றவும் செய்வார். ஆனால் கோடையில் காய்வதற்கென்று கூடுதல் வேண்டாம் என்பதால் அவருக்கு எட்டும் இரண்டுமாகப் பத்து சரியாக வரும். உடற்பயிற்சிக்கும் காலை நடைக்கும் போடுபவற்றை நான் இதில் சேர்க்கவில்லை. அதற்குப் பாலியஸ்டரில் இரண்டு தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

கணக்கில் சேராதவை வேறு உண்டு. கோயில் விழாக் கமிட்டி கொடுத்தது, கிரிக்கெட் கிளப் பெயர் அச்சிட்டது, நிறுவனத்தின் ஆண்டு விழாவுக்கு வந்தது, மைத்துனர் ஓணக்கோடியாகக் கொண்டு வந்து அளவு பொருந்தாமல் போனது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்டு இருக்கும். இவற்றை எண்ணிவிட்டு, தன்னிடம் இருபது இருப்பதாக ஒருவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் நாலு பேர் முன்னால் போட்டுக்கொண்டு போகத் தகுந்தவை அவரிடம் மூன்றுதான் இருக்கும். தோப்பில் வேலை பார்க்கவும், வீட்டில் கைலியோடு போட்டுக்கொள்ளவும் இவை போதும் என்பதால், வீட்டு உபயோகத்துக்கென்று டி-ஷர்ட் வாங்கவே தேவையில்லை. நம் பகுதி ஆண் டி-ஷர்ட் போட முடியாத இடங்களும் பல. குருவாயூர் போன்ற கோயில்களில் மேலாடையே கூடாது. கல்பாத்தித் தேரன்று வேட்டிக்கு மேல் அங்கவஸ்திரமோ சட்டையோ போட்டால்தான் பொருத்தமாக இருக்கும். கல்யாண வீட்டில் டி-ஷர்ட்டோடு பந்தியில் உட்கார்ந்தால் பெரியம்மாவின் பார்வையே போதும்.

எட்டுக்கு மேல் இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். எட்டைச் சுழற்சியில் போட்டால் ஒரு டி-ஷர்ட் ஆண்டுக்கு ஏறத்தாழ 45 முறை உடம்பில் ஏறும். இருபது இருந்தால் சராசரியாகப் பதினெட்டு முறை. நடைமுறையில் அந்தச் சராசரியும் பொய்யாகிவிடும். மேலே இருக்கும் ஆறையே திரும்பத் திரும்பப் போடுவோம், அடியில் இருப்பவை அடியிலேயே கிடக்கும். கிடப்பது வறண்ட ஊராக இருந்தால் பாதகமில்லை. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரையில் ஈரக் காற்று புகும் அலமாரியில் மடித்தே கிடக்கும் பருத்தித் துணியில் பூஞ்சைப் புள்ளி விழும், அதுவும் வெளிர் நிறத்தில் விழுந்தால் போகவே போகாது. கழுத்துப் பட்டையில் ஓடும் லைக்ரா இழை, போட்டாலும் போடாவிட்டாலும் காலப்போக்கில் தளரும். ஆக, ‘இருக்கட்டுமே, பிறகு போட்டுக்கொள்ளலாம்’ என்று வாங்கி வைத்த டி-ஷர்ட்டைப் பிரித்துப் பார்க்கும்போது அது புதியதாகவும் இருக்காது, பழையதாகவும் இருக்காது, கெட்டுப்போனதாக இருக்கும்.

தண்ணீர்க் கணக்கும் ஒன்று உண்டு. பருத்தி விளைவதிலிருந்து தொடங்கி ஒரு டி-ஷர்ட்டுக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது உலக இயற்கை நிதியம் பரப்பிய மதிப்பீடு. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம் ஆழியாறு நதிநீர் ஒப்பந்தப்படி மணக்கடவில் வந்து சேர வேண்டிய 7.25 டிஎம்சி முழுமையாக வந்ததா என்று ஒவ்வோர் ஆண்டும் எண்ணிப் பார்க்கும் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்து விவசாயக் குடும்பங்களுக்கு, இந்த எண்ணின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. திருப்பூர்ச் சாயக் கழிவால் கெட்ட நொய்யல் ஆற்றின் கதையும் நமக்கு அருகில் நடந்ததுதான். கழிவுநீர் வெளியேற்றத்தை முற்றிலும் நிறுத்தாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

இனிச் சந்தைக்கு வருவோம். காதர்பேட்டை என்பது ஒரு கடையோ ஒரு கட்டடமோ அல்ல. பனியன் துணிக் கடைகள் அடுத்தடுத்து நெருக்கியடித்து நிற்கும் சந்துகளின் தொகுப்பு. ஏற்றுமதிக்காகத் தைத்ததில் மிஞ்சியவை, சரக்கு வாங்குபவர் தரப் பரிசோதனையில் தள்ளியவை, உள்ளூர் விற்பனைக்கென்றே தைத்தவை என மூன்று வகைச் சரக்கு அங்கே கலந்து கிடக்கிறது. மூன்றையும் ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்ற ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். உண்மையான மிச்சச் சரக்கில் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனத்தின் கழுத்து லேபிளைப் பாதியாக வெட்டியோ கோடு போட்டோ வைத்திருப்பார்கள். பளபளப்பான பெரிய பிராண்டு லேபிளோடும் அட்டையோடும் முழுமையாகத் தொங்குகிற டி-ஷர்ட்டைத்தான் நான் சந்தேகப்படுவேன். வெட்டுப்பட்ட லேபிள் எனக்கு அவ்வளவு பயம் தருவதில்லை.

பல கடைகள் மொத்த வியாபாரிகளுக்கானவை. ஒரே வடிவத்தில் நான்கு அளவுகளும் அடங்கிய கட்டாகத்தான் கொடுப்பார்கள். “ஒரு பீஸா எடுத்தா இந்த ரேட்டு கட்டாதுங்க” என்று மரியாதையாகவே சொல்லிவிட்டு அடுத்த வியாபாரியைக் கவனிக்கப் போய்விடுவார்கள். சில்லறையாகக் கொடுக்கும் கடைகளும் போதுமான அளவில் இருக்கின்றன. ஆனால் அங்கேயும் ஆறு எடுத்தால் ஒரு விலை, பத்து எடுத்தால் இன்னொரு விலை என்று ஆசை காட்டுவார்கள். நான் போனபோது வட்டக் கழுத்து டி-ஷர்ட்டுகள் நூற்றைம்பது ரூபாயை ஒட்டியும், காலர் வைத்தவை இருநூற்றைம்பதைத் தாண்டியும் இருந்தன. நல்ல துணிக்கு அது மலிவுதான். பத்தாக எடுத்தால் ஒன்றுக்கு இருபது ரூபாய் குறையும் என்பதற்காக நான்கு வாங்க வந்தவர் பத்து வாங்கினால், குறைத்துக் கொடுத்த இருநூறு ரூபாய்க்காகத் எழுநூறு ரூபாய் போல அதிகம் செலவழிக்கிறார். இந்தச் சந்தையின் மீது எனக்குள்ள மனக்குறை இந்த ஒன்றுதான். அதைக் கடைக்காரரின் குற்றம் என்று சொல்ல முடியாது. மொத்த வியாபாரச் சந்தையில் மொத்தமாக விற்கத்தான் பார்ப்பார்கள். தேவையான எண்ணிக்கையைக் கைப்பேசியிலாவது எழுதிக்கொண்டு போங்கள்.

துணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டி-ஷர்ட்டின் கனத்தைத் திருப்பூரில் ஜிஎஸ்எம் கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது அது. 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்ஸி, அதாவது மெல்லிய ஒற்றைப் பின்னல் துணி, நம் கோடைக்கு உகந்தது. வெளிர் நிறத்தில் எடுத்தால் உள்ளே இருப்பது லேசாகத் தெரியும். 180 ஜிஎஸ்எம் எல்லாப் பருவத்துக்கும் ஒத்துவரும், வடிவமும் குலையாது. இப்போது இளைஞர்கள் விரும்புகிற தொளதொளப்பான ஓவர்சைஸ் டி-ஷர்ட்டுகள் 220, 240 என்று கனமாக வருகின்றன. கோயம்புத்தூரின் குளிரூட்டிய மாலில் அவை அழகாக இருக்கலாம். பாலக்காட்டு ஆடி மாதத்தில் அவை மூன்றாம் நாளும் கொடியில்தான் தொங்கும். கனத் துணியாகவே எடுப்பேன் என்கிறவர் காயும் நாளுக்காக நான் சேர்த்த இரண்டை மூன்றாக்கிக்கொள்ள வேண்டும். துணியின் கனம் எண்ணிக்கையையே மாற்றும் என்பதை யோசிக்காமல் பலரும் கையில் தூக்கிப் பார்த்து, ‘கனமா இருக்கு, நல்ல துணி’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நூலில் கோம்டு, கார்டட் என்று இரண்டு வகை சொல்வார்கள். குட்டை இழைகளைச் சீவி நீக்கியது கோம்டு. அது வழவழப்பாக இருக்கும், நாளடைவில் உருண்டை உருண்டையாகப் பஞ்சு திரள்வதும் குறைவு. பத்து இருபது ரூபாய் கூடக் கொடுத்தாவது கோம்டு எடுப்பது நல்லது. பயோ வாஷ் செய்தது என்றால், நொதி கலந்த நீரில் துவைத்து மேற்பரப்பிலுள்ள மெல்லிய பஞ்சை நீக்கியிருக்கிறார்கள் என்று பொருள். முதல் நாளே பழகிய துணியைப் போல மிருதுவாக இருக்கும். சுருக்கம் இதைவிட முக்கியமானது. துணியை முறையாகக் காம்பாக்டிங் செய்யாமல், அதாவது முன்கூட்டியே சுருக்கி வைக்காமல், தைத்திருந்தால் முதல் இரண்டு துவைப்பிலேயே நீளம் குறைந்து, கையைத் தூக்கினால் வயிறு தெரியும். இதைக் கடையில் நின்று கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே நீளத்தில் ஒரு அங்குலம் கூடுதலாக இருப்பதையே எப்போதும் எடுக்கிறேன்.

கடையில் நின்று பார்க்கக்கூடியவை வேறு பல. டி-ஷர்ட்டை மேசையில் விரித்து, இரண்டு பக்கத் தையலும் நேராக இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். தையல் ஏற்கெனவே முன்பக்கம் சாய்ந்திருந்தால், துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கிக்கொண்டு தொப்புள் பக்கம் வந்துவிடும். கழுத்துப் பட்டையை இரு கையாலும் இழுத்து விட்டால் அது உடனே பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். பின் கழுத்தின் உட்பக்கத்தில் தோளுக்குத் தோள் பட்டி வைத்துத் தைத்திருந்தால் கழுத்து தொங்கிப்போகாது. அக்குளிலும் தோள் தையலிலும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசி வெட்டிய சிறு ஓட்டைகள் தெரியும். தள்ளுபடிச் சரக்கில் மிகவும் அடிக்கடி காண்பது இந்தக் குறையைத்தான், முதல் மாதத்திலேயே அது விரல் நுழையும் அளவுக்குப் பெரிதாகும். உடலின் நிறமும் கையின் நிறமும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது, சந்துக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அடர் சிவப்பு, கருநீலம் என்றால் ஈரக் கைக்குட்டையால் ஒரு முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிக்கக்கூடும்; வீட்டில் வெள்ளை வேட்டி நீலமாகும்போது அம்மா சுளிக்கும் முகத்தைவிட அது மேல்.

அளவில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஏற்றுமதிக்குத் தைத்த டி-ஷர்ட்டின் அளவு எந்த நாட்டுக்குப் போகவிருந்ததோ அந்த நாட்டு ஆளின் உடம்பைப் பொறுத்தது என்பதால், அதில் எல் என்று போட்டிருப்பது நம்மூர் எல் ஆக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலான கடைகளில் போட்டுப் பார்க்க அறையும் கிடையாது, வாங்கியதை மாற்றித் தரவும் மாட்டார்கள். உங்களுக்கு மிகச் சரியாகப் பொருந்துகிற டி-ஷர்ட் ஒன்றைப் பையில் எடுத்துப் போய், புதியதை அதன் மேல் விரித்து அக்குளுக்கு அக்குள், தோளுக்குத் தோள், நீளம் என்று மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே எளிய வழி. அளவு நாடா எடுத்துப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சில கடைகளில் வியாபாரிக்குரிய மரியாதை கிடைக்கிறது என்பது கூடுதல் நன்மை.

நிறத் தேர்வில் நம் தண்ணீருக்கும் பங்கு உண்டு. கிழக்குச் சித்தூரில் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். கடினநீரில் சோப்பு நுரைக்காது, வெள்ளை டி-ஷர்ட் சில மாதங்களில் மங்கிச் சாம்பலாகிவிடும். கறுப்பு நம் வெயிலுக்கு ஆகாது என்பதோடு, வியர்வை காய்ந்த உப்புக் கோடு முதுகில் வரைபடம் போலத் தெரியும். வெவ்வேறு நிற இழைகள் கலந்த இளஞ்சாம்பல் மெலஞ்ச் துணி கடையில் பார்க்க அழகாக இருக்கும். அக்குளில் ஒரு துளி வியர்த்தாலும் ஊருக்கே காட்டிவிடும். கருநீலம், பாட்டில் பச்சை, மெரூன், மங்கிய கடுகு நிறம் ஆகியவை இந்த ஊருக்கும் இந்தத் தண்ணீருக்கும் ஒத்துவந்தவை. எட்டில் வெள்ளை ஒன்றுக்கு மேல் வேண்டாம், அதையும் தனியாக ஒதுக்கி வைக்கும் இரண்டில் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம்.

அந்த எட்டை எப்படிப் பிரிப்பது என்றால், வட்டக் கழுத்து ஐந்து, காலர் வைத்தது மூன்று என்பது என் கருத்து. ஐந்தும் அச்சு இல்லாத ஒற்றை நிறமாக இருந்தால் எந்தப் பேன்ட்டோடும், தேவைப்பட்டால் வேட்டியோடும் கூடப் போகும். நெஞ்சில் பெரிய எழுத்தோ படமோ அச்சிட்டதைப் போட்டால் பார்த்தவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள், வாரத்தில் இரண்டாம் முறை போடத் தயக்கம் வரும், அந்தத் தயக்கம் இன்னொன்று வாங்கச் சொல்லும். அப்படி ஒன்று மட்டும் ஆசைக்கு வைத்துக்கொள்வதை நான் குறை சொல்லமாட்டேன். ரப்பர் போலத் தடித்த அச்சாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கோடையில் நெஞ்சில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியது போல இருக்கும்.

ஐந்து வட்டக் கழுத்துக்குக் காதர்பேட்டையை நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். மேலே சொன்னபடி பார்த்து எடுத்தால், பெரிய கடைகளில் நானூறு ஐந்நூறு கொடுத்து வாங்குவதற்கு அவை எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. காலர் டி-ஷர்ட்டுக்கு அதே உறுதியைத் தர முடியவில்லை. மேட்டி என்று அங்கே சொல்லும், சிறு சிறு கண்கள் தெரியும் துணி நன்றாகவே இருக்கிறது, கோளாறு காலரில்தான். மிச்சச் சரக்கிலுள்ள காலர்களில் கணிசமானவை ஐந்தாறு துவைப்புக்குப் பிறகு ஓரம் சுருண்டு, பட்டனைப் போட்டாலும் போடாவிட்டாலும் வாடிய வெற்றிலை போலத் தொங்குகின்றன. மூன்றே மூன்று வேண்டிய இடத்தில் இந்தச் சூதாட்டம் தேவையில்லை. காலர் டி-ஷர்ட்டை, போட்டுப் பார்க்க அறையும் மாற்றித் தரும் வழக்கமும் உள்ள ஊர்க் கடையில், விலை கூடினாலும் வாங்கிக்கொள்வது நல்லது. இணையக் கடையில் படத்தைப் பார்த்து வாங்குவதில் திருப்பி அனுப்பும் வசதி உண்டு என்றாலும், துணியைத் தொட்டுப் பார்க்க முடியாதது பெரிய குறை. ஏற்கெனவே ஒருமுறை வாங்கிப் போட்டுப் பிடித்துப்போன அதே வகையைத் திரும்ப வாங்க மட்டும் அது பயன்படும்.

காலை நடைக்கான பாலியஸ்டர் இரண்டையும் அங்கே தேட வேண்டாம். பாலியஸ்டர் தண்ணீரை உள்ளே இழுக்காது என்பதால் மழைக்காலத்திலும் ஒரே இரவில் காயும், அது அதன் சிறப்பு. ஆனால் உடம்பு வாடையை விடாமல் பிடித்துக்கொள்ளும். மலிவான வகைகளில் காற்றும் புகாது. விளையாட்டு உடைகள் விற்கும் கடையில் கண்ணித் துணியாகப் பார்த்து எடுத்து, போட்ட அன்றே அலசிப் போட்டுவிட்டால் இரண்டே போதும்.

ஒரே நாளில் எட்டையும் வாங்கிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே மாதத்தில் வாங்கிய எட்டும் ஏறக்குறைய ஒரே மாதத்தில் வெளுத்துப்போகும். மேற்சொன்ன சுழற்சியில் நல்ல பருத்தி டி-ஷர்ட் ஒன்று இரண்டு ஆண்டு வெளியே போடும் நிலையில் இருக்கும். ஆகவே ஆண்டுக்கு நான்கு வாங்கி, நான்கை வீட்டு உபயோகத்துக்கு இறக்கினால் அலமாரியில் எண்ணிக்கை மாறாது. இறக்குவதற்கான அடையாளம் கழுத்து. நிறம் சற்று மங்கினாலும் போடலாம். கழுத்து அலையலையாகிவிட்டால் அது வீட்டுக்கு உரியதுதான். வீட்டிலும் நைந்த பிறகு வண்டி துடைக்கப் பருத்தி டி-ஷர்ட்டை மிஞ்சிய துணி இல்லை, பாலியஸ்டர் அதற்கும் உதவாது.

போகும் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் காதர்பேட்டைக்குள் நுழைந்தால் விரித்துப் பார்க்க மேசையும் கிடைக்காது, பதில் சொல்ல ஆளும் கிடைக்காது. ஓணத்துக்கு முன்பு கேரள வியாபாரிகள் கட்டுக் கட்டாக அள்ளிக்கொண்டிருப்பார்கள். தை பிறந்த பிறகு, கோடை தொடங்கும் முன், வார நாளில் காலையிலேயே போய்விட்டால் சந்துகள் ஓரளவு ஓய்வாக இருக்கும், கடைக்காரர்களும் சில்லறை வாடிக்கையாளரிடம் நின்று பேசுவார்கள். கோடைக்கான 160 ஜிஎஸ்எம் இரண்டு, 180 ஜிஎஸ்எம் இரண்டு என்று எடுத்துக்கொண்டு மதிய ரயிலைப் பிடித்தால், மாலைக்குள் பாலக்காடு வந்து சேர்ந்துவிடலாம். முதல் துவைப்பில் நான்கையும் தனித்தனியாக, உப்புப் போட்ட குளிர்ந்த நீரில் அல்ல, வெறும் தண்ணீரில் உட்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டு அலசுங்கள். உப்பு சாயத்தைப் பிடித்து நிறுத்தும் என்று நம் வீடுகளில் சொல்வது, ஏற்கெனவே சாயம் ஏறி முடிந்த துணிக்குப் பொருந்தாது. காயப் போடும்போது தோளில் கவ்வி மாட்டாமல், கொடியில் பாதியாக மடித்துப் போட்டால் தோளில் கொம்பு முளைத்தது போன்ற புடைப்பு விழாது.